யானைக்கால் வியாதியும் ஊரின் கழிவுநீரும்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பரிசோதிக்கச் செல்லும் உத்தியோகஸ்தர் முதலிற் கேட்டு வாங்குவது கெடு தவறிய கடன்களின் ஜாபிதாவேயாகும். கடன் செலுத்தாமைக்குக் காரணம் கேட்டால், மழை பொய்த்தது, பயிர் நீரில் மூழ்கியது, பெண்ணின் கலியாணம் நேர்ந்தது என்று அங்கத்தினர்கள் விவரமாகச் சொல்வார்கள். "வியாதி" என்று ஒரே சொல்லோடு முடிந்துவிடும் காரணமும் உண்டு. அச்சொல்லை எவரும் விரித்துரைப்பதில்லை. உயிரைப் பறிக்கும் வியாதி வந்தால் ஊரே திரளுகிறது. உயிரை விட்டுவைத்து, உழைக்கும் காலை மாத்திரம் பறித்துக்கொண்டு, மனிதனை முப்பது வருஷம் திண்ணையில் உட்காரவைக்கும் வியாதியைப்பற்றி ஊர் பேசுவதில்லை. யானைக்கால் அத்தகைய வியாதி.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலுள்ள தொழிற்சாலைப் பிரதேசத்தின் கிராமங்களை முக்கியமாக மனத்திற்கொண்டு, இவ்வியாதி எவ்வாறு பரவுகிறது, நம்முடைய வாழ்க்கை முறையில் எவை அதற்கு இடங்கொடுக்கின்றன, சங்கத்தார் செய்யத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைப்போம். செங்கற்பட்டு ஜில்லா என்று முற்காலத்தில் வழங்கிய இந்நாடு யானைக்காலுக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்றதாகையால், இது நமக்கு அந்நிய விஷயமன்று.

வியாதியின் மூலம்

யானைக்கால் பூர்வஜன்ம பாபத்தால் வருவதென்றும், குடும்பத்தில் வழிவழியாக வருவதென்றும், குறிப்பிட்ட கிணற்றின் நீரைக் குடிப்பதால் வருவதென்றும் இன்னும் சிலர் எண்ணுகின்றனர். இம்மூன்றும் பிழை. அதன் காரணம் ஒரு புழு. வைத்திய நூலார் அதனை உவுச்செரேரியா பான்கிராப்டி என்பர்; பொதுவாகப் பைலேரியாப் புழு எனப்படும். அது வெள்ளை நூலைப் போன்றது. பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீளமிருக்கும். ஆண் புழு அதில் ஏறக்குறைய பாதி. மனித தேகத்தில் இரத்தக் குழாய்களேயன்றி நிணநீர் ஓடும் மெல்லிய குழல்களும் உண்டு. திசுக்களில் தங்கும் நீரை வடித்து மீண்டும் இரத்தத்திற் சேர்ப்பது அக்குழல்களின் வேலை. வயலுக்கு வடிகால் எப்படியோ அப்படித் தேகத்திற்கு அவை. இப்புழுக்கள் அக்குழல்களுக்குள் குடிபுகுந்து 5 முதல் 8 வருஷம் வரை ஜீவிக்கின்றன.

வடிகாலில் அடைப்பு நேர்ந்தால் வயலில் நீர் தேங்குவது போல், குழல்கள் விரிந்து பழுதடைந்தபின் காலிலும் கையிலும் நிணநீர் தேங்கி வீக்கம் உண்டாகிறது. ஆண்களுக்கு விரைவீக்கமும் இதனாலேயே ஏற்படுகிறது. தொடக்கத்தில் குளிர்காய்ச்சலும் தொடையிடுக்கில் நெறிகட்டுதலும் வந்துபோகும். பழுதடைந்த காலின் தோல் வெடிப்புகளிலும் விரலிடுக்குகளிலும் கிருமிகள் புகுந்து, காய்ச்சல் அடிக்கடி திரும்பும். ஒவ்வொரு முறை காய்ச்சல் வந்தபின்னும் வீக்கம் சற்று மிகுந்து, தோல் தடித்து, காலப்போக்கில் யானையின் காலைப்போல் ஆகிவிடுகிறது.

இவ்வளவும் ஓரிரு மாதத்தில் நடப்பதன்று. பெரும்பாலும் சிறு வயதிலேயே புழு தேகத்திற் புகுகிறது. வீக்கமோ இருபது முப்பது வயதுக்குமேல் வெளிப்படுகிறது. விதைத்த காலமும் அறுக்கும் காலமும் இத்தனை தூரமாக இருப்பதாலேயே ஜனங்களுக்குக் காரணம் விளங்காமற்போயிற்று.

கொசுவின் பங்கு அறியப்பட்ட வரலாறு

இவ்வியாதியை நம் முன்னோர் சிலீபதம் என்றனர். பழைய நீர் தேங்கி எக்காலத்தும் குளிர்ந்திருக்கும் தேசங்களில் இது மிகுதி என்று சுசுருதர் குறித்திருப்பது கவனிக்கத்தக்கது. தேங்கிய நீருக்கும் வியாதிக்கும் சம்பந்தம் உண்டென்பதை அக்காலத்தவர் கண்டிருந்தனர். இடையே உள்ள சங்கிலியை மாத்திரம் காணவில்லை.

1872ஆம் வருஷம் கல்கத்தாவில் திமொதி லூயிஸ் என்பவர் மனித இரத்தத்தில் இப்புழுவின் நுண்ணிய குஞ்சுகளைக் கண்டார். 1877இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன் என்ற வைத்தியர், நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் அக்குஞ்சுகள் வளர்வதைக் கண்டுபிடித்தார். ஆயினும் அவர், கொசு தண்ணீரில் விழுந்து இறந்தபின் அந்நீரைக் குடிப்பதால் மனிதனுக்குப் புழு ஏறுகிறதென்று எண்ணினார். கிணற்று நீரே காரணம் என்னும் நம் கிராமத்தாரின் எண்ணத்தைப் பரிகசிக்க வேண்டுவதில்லை. அத்தனை பெரிய அறிஞரும் ஏறக்குறைய அவ்வாறே எண்ணியிருந்தார். 1900இல் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ என்பவர், ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பப்பட்ட கொசுக்களை லண்டனில் பரிசோதித்து, புழுக்கள் கொசுவின் கடிக்கும் குழலிலேயே வந்து நிற்பதைக் காட்டினார். கொசு கடிப்பதாலேயே வியாதி பரவுகிறதென்பது அதன்பின் ஐயமற நிச்சயமாயிற்று.

நடப்பது இதுவே. புழுவுள்ள மனிதனின் இரத்தத்தில் நுண்குஞ்சுகள் இரவில், விசேஷமாக 10 மணி முதல் 2 மணி வரையில், தோலுக்கு அருகிலுள்ள இரத்தத்திற்கு வருகின்றன. பகலில் உள்ளுறுப்புகளில் ஒதுங்கிவிடுகின்றன. இப்பிரதேசத்தில் வியாதியைப் பரப்பும் கொசுவும் இரவில் கடிப்பதே. அது இரத்தத்தோடு குஞ்சுகளை உறிஞ்சுகிறது. கொசுவின் உடலில் 10 முதல் 14 நாள் வளர்ந்தபின் அவை மற்றொருவரைத் தொற்றத் தகுதியடைகின்றன. அக்கொசு மறுபடி கடிக்கையில் அவை தோலின்மேல் இறங்கி, கடிவாயின் வழியே உள்ளே நுழைகின்றன.

இதில் நமக்கு ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் பன்மடங்கு பெருகும். பைலேரியாப் புழு கொசுவின் உடலிற் பெருகுவதேயில்லை. அன்றியும், கொசுக்களில் பெரும்பாலானவை அந்தப் பத்துப் பதினான்கு நாள் உயிரோடிருப்பதில்லை. ஆகையால் ஓரிரு கடியால் இவ்வியாதி வந்துவிடாது. மாதக்கணக்காக, வருஷக்கணக்காக, நூற்றுக்கணக்கான கடிகள் பட்டாலொழியப் புழு தேகத்தில் நிலைபெறுவது அரிது. அதாவது, யானைக்கால் உள்ள ஊர் என்றால், கொசுக்கடியை நெடுங்காலம் சகித்துக்கொண்டிருந்த ஊர் என்று பொருள்.

எந்தக் கொசு? எந்த நீர்?

கொசு என்று பொதுவாகச் சொல்லி மருந்தை எங்கும் தெளிப்பதால் பயன் குறைவு. ஒவ்வொரு வகைக் கொசுவுக்கும் உரிய நீர் வேறு. பட்டண மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இனம் கிணற்றிலும் மாடியின்மேலுள்ள தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூத்தொட்டி இவற்றிலுள்ள சிறிதளவு நல்ல நீரை நாடும். நெல்வயலின் நீரில் வளரும் இனங்களும் உள. மூளைக்காய்ச்சலைப் பரப்புபவை அவற்றுட் சில. யானைக்காலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கோ நாறும் நீரே பிரியம். தேங்கிய சாக்கடை, மூடாத கழிவுத்தொட்டி, செப்டிக் டேங்க், மாட்டுக்கொட்டிலின் ஓரத்திற் கட்டிநிற்கும் கோமியம் கலந்த நீர், குப்பையால் அடைபட்ட கால்வாய் இவையே அதன் பிறப்பிடங்கள்.

ஒரு பெண் கொசு ஒரு தடவையில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகளைச் சிறு தெப்பம்போல் ஒட்டவைத்து நீரின்மேல் மிதக்கவிடுகிறது. நமது உஷ்ண தேசத்தில் அம்முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய 8 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருமுறை நீரை வடித்து உலரவிட வேண்டுமென்று சுகாதார உத்தியோகஸ்தர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

இங்கே நமது ஏரிகளைப்பற்றி ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, ஒரகடம் ஏரி, கிழக்கே செம்பரம்பாக்கம் ஏரி எனப் பெரிதும் சிறிதுமான ஏரிகள் நிறைந்த நாடு இது. ஏரி இருப்பதால் கொசுவும் வியாதியும் உண்டாகின்றன என்று நினைத்து, அதைத் தூர்ப்பதே சுகாதாரம் என்போர் உளர். அது தவறு. காற்றால் அலைவீசி, மீன்கள் உலவும் தெளிந்த ஏரியில் கியூலெக்ஸ் கொசு பெருகுவதில்லை. ஏரிக்குள் சாக்கடையைத் திருப்பி, செப்டிக் டேங்க் லாரிகளின் கழிவைக் கொட்டி, ஆகாயத்தாமரை படரவிட்டு, அதன் ஓரங்களை நாறும் குட்டைகளாக்கினால் மாத்திரமே அது கொசுவுக்கு இடமாகிறது. ஏரியைக் காப்பதும் வியாதியைத் தடுப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள்.

ஊர் மாறிய விதம்

முப்பது வருஷங்களுக்கு முன் இப்பிரதேசம் பெரும்பாலும் ஏரிப்பாசன நாடாக இருந்தது. 1998ஆம் வருஷம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியின் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ, நிஸ்ஸான் கம்பெனிகளின் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இவற்றையொட்டிப் பல சிப்காட் பேட்டைகளும் உதிரிப்பாகத் தொழிற்சாலைகளும் எழுந்தன. வேலையும் வருமானமும் வந்தன. இதனை எவரும் குறைகூறார். ஆயினும் தொழிற்சாலைக்குள் திட்டமிட்டு வடிகால் அமைப்பது போல், தொழிலாளர் குடியிருக்கும் ஊருக்குள் எவரும் திட்டமிடவில்லை. ஊர் தன் போக்கில் வளர்ந்தது.

முன்னாளில் ஒரு வீட்டின் சமையல் நீரும் குளியல் நீரும் கொல்லைப்புறத்து வாழைக்கும் கீரைப்பாத்திக்கும் பாய்ந்தன. வீட்டில் நாலைந்து பேர். கிணற்றிலிருந்து இறைத்த நீர் கொஞ்சம். நிலம் அதனைக் குடித்துவிடும். இன்று அதே கொல்லையில் பத்துப் பன்னிரண்டு அறைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் பலர் தங்குகின்றனர். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாராலும் டாங்கர் லாரியாலும் தண்ணீர் தாராளமாக வருகிறது. வந்த நீர் வெளியேற வேண்டுமல்லவா? வாழை இல்லை; தரையெல்லாம் சிமெண்டு. நீர் தெருவோரத்துக்கு ஓடுகிறது. சாலை உயர்த்தப்பட்டிருப்பதால் அங்கே நின்றுவிடுகிறது. தண்ணீர் கொண்டுவருவதற்குச் செலவிட்டவர்கள், அதனை வெளியேற்றச் செலவிடவில்லை. யானைக்காலுக்கு இதனைவிட அனுகூலமான ஏற்பாடு வேறொன்று இல்லை.

இரண்டாவது, செப்டிக் டேங்க். திறந்தவெளியை விட்டுக் கழிப்பிடம் கட்டியது மிகவும் நல்ல காரியம். கொக்கிப்புழு முதலிய வேறு புழுக்களின் தொல்லை அதனாற் குறைகிறது. ஆனால் மூடியில் விரிசலும், காற்றுக்குழாயின் வாயில் வலையில்லாமையும் இருக்குமாயின், அத்தொட்டி ஆயிரக்கணக்கான கொசுக்களை ஊருக்கு அளிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே நீர் இருப்பதே தெரியாதாகையால், மருந்து தெளிப்பவர் அதனைத் தாண்டிப் போய்விடுகிறார்.

மூன்றாவது, உறக்கத்தின் ஒழுங்கு. தொழிற்சாலைகளில் மூன்று ஷிப்டு வேலை நடக்கிறது. அறை வெப்பமாயிருப்பதால் சிலர் மொட்டைமாடியில் வலையின்றி உறங்குகின்றனர். நள்ளிரவில் பஸ்ஸுக்காகக் காத்திருப்போர் சாக்கடையோரம் நிற்கின்றனர். 1881இல் லண்டனில் ஸ்டீபன் மெக்கென்சி என்ற வைத்தியர், பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கும்படி ஒரு நோயாளியின் வழக்கத்தை மாற்றியபோது, இரத்தத்தில் நுண்குஞ்சுகள் தோன்றும் நேரமும் மாறியதைக் கண்டார். ஆகவே நீண்டகாலம் இரவு ஷிப்டிலேயே வேலை செய்பவரின் இரத்தத்தைப் பரிசோதிக்கையில், அவருடைய உறக்க வழக்கத்தையும் பரிசோதகரிடம் சொல்லுதல் நலம்.

வெளியூர்த் தொழிலாளர்

இத்தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் பீகார், ஜார்க்கண்டு, உத்தரப்பிரதேசம், ஒடிசா, வங்காளம் முதலிய ராஜ்யங்களிலிருந்து வந்த பலர் உழைக்கின்றனர். இந்த ராஜ்யங்களின் பல ஜில்லாக்களில் யானைக்கால் இன்னும் பரவிவருகிறது; ஊர் முழுவதுக்கும் மருந்து கொடுக்கும் ஏற்பாடும் அங்கே நடைபெறுகிறது. தமிழ்நாட்டிலோ அத்தகைய ஏற்பாடு பல வருஷங்கள் நடந்து, குழந்தைகளின் இரத்தப் பரிசோதனையில் தேறியபின், பெரும்பான்மையான ஜில்லாக்களில் நிறுத்தப்பட்டுள்ளது. நாம் இப்போது இருப்பது காவற்காலம்.

இதனைக் கேட்டவுடன், "அப்படியானால் வியாதியைக் கொண்டுவருபவர்கள் அவர்களே" என்று சிலர் சொல்லத் தொடங்குவர். அது நியாயமன்று, உண்மையுமன்று. இவ்வியாதி அவர்கள் வருமுன்பே நம் ஜில்லாவில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. அவருள் ஒருவர் இரத்தத்தில் குஞ்சுகளோடு வந்தாலும், ஊரில் கொசு பெருகாதிருந்தால் அவை மற்றொருவரைச் சேரமாட்டா. அவர் தேகத்திலேயே முதிர்ந்து அழியும். அவரைக் கொசு நிறைந்த அறையில் தங்கவைத்து, மாதவாடகை வாங்கிக்கொண்டு, அறைக்கு வெளியே சாக்கடையைத் தேங்கவிடுவோர் உள்ளூர்வாசிகளே. விருந்தாளியைக் குற்றஞ்சொல்லுமுன் வீட்டுக்காரர் தம் முற்றத்தைப் பார்க்கவேண்டும்.

அவர்களுக்குள்ள கஷ்டம் வேறு. அவர்கள் பெயர் கிராமத்தின் எந்த ஜாபிதாவிலும் இல்லை. சொந்த ஊரில் மருந்து கொடுக்கும் சமயம் இங்கே இருக்கின்றனர். இங்கே பரிசோதனை நடக்கும் சமயம் வேலையில் இருக்கின்றனர் அல்லது வேறு வேலைத்தலத்திற்குப் போய்விடுகின்றனர். பாஷையும் தெரியாது. இரு ஊர்களுக்கும் இடையே விடுபட்டுப்போகும் இவர்களைக் கணக்கிற் சேர்ப்பதே நமக்கும் பாதுகாப்பு.

வீங்கிய காலுக்கு அஞ்சவேண்டா

ஊரில் யானைக்கால் உள்ளவரோடு உட்காரவும், அவர் வீட்டில் பெண் எடுக்கவும், அவருக்கு வேலை கொடுக்கவும் ஜனங்கள் பின்வாங்குகின்றனர். இதனால் நோயாளிகள், விசேஷமாகப் பெண்கள், காலைப் புடைவையால் மறைத்துக்கொண்டு வைத்தியரிடம் வராமலே இருந்துவிடுகின்றனர். உண்மையில், கால் பெருத்து முற்றிய நிலையிலுள்ளவரின் இரத்தத்தில் பெரும்பாலும் நுண்குஞ்சுகள் இருப்பதில்லை. அவரால் மற்றவருக்கு வியாதி பரவுவது அரிது. ஒரு வீக்கமும் இன்றி, வேலைக்குப் போய்வந்துகொண்டு, தமக்கு ஒன்றுமில்லையென்று எண்ணியிருப்பவரின் இரத்தத்திலேயே அவை மிகுதியாக இருக்கக்கூடும். அவர் நீங்களாகவும் இருக்கலாம். இதை எழுதுபவனாகவும் இருக்கலாம். இரவு இரத்தப் பரிசோதனையாலன்றி அது தெரியவராது. ஆகவே அஞ்சத்தக்கதைவிட்டு அஞ்சவேண்டாததற்கு அஞ்சி, துன்பப்படுபவரை மேலும் துன்புறுத்துகிறோம்.

பெருத்த காலை மருந்து பழையபடி ஆக்காது. ஆயினும் அது மேலும் கெடாமற் காக்கலாம். தினந்தோறும் காலைச் சோப்பும் சுத்த நீரும் கொண்டு கழுவி, விரலிடுக்குகள் உட்பட ஈரமின்றி மெல்லத் துடைக்கவேண்டும். புண்ணும் வெடிப்பும் உண்டானால் உடனே மருந்திடவேண்டும். உட்காரும்போதும் உறங்கும்போதும் காலை உயர்த்தி வைத்தல், வைத்தியர் சொல்லியபடி கணுக்காலை அசைத்துப் பழகுதல், இறுக்காத செருப்பு அணிதல் ஆகியவை அவசியம். இவ்வளவு எளிய பழக்கத்தால் காய்ச்சல் வரும் தடவைகள் குறைகின்றன. காய்ச்சல் குறைந்தால் கூலி இழக்கும் நாட்களும் குறைகின்றன. விரைவீக்கம் சஸ்திர சிகிச்சையால் குணமாகக்கூடியது.

மருந்து தனியொருவரால் பலிக்காது

டை எதில் கார்பமசீன், சுருக்கமாக டி.இ.சி. என்னும் மாத்திரை இரத்தத்திலுள்ள நுண்குஞ்சுகளை அழிக்கிறது. இந்திய சர்க்கார் 1955ஆம் வருஷமே தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினர். 2004 முதல், வியாதியுள்ள ஜில்லாக்களில் நோயாளியென்றும் நோயற்றவரென்றும் பாராமல், வருஷத்திற்கு ஒருமுறை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் முறை தேசமெங்கும் வந்தது. பின்னர் ஆல்பென்டசோல் மாத்திரையும் சேர்க்கப்பட்டது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் நீங்கலாக மற்றவர் உண்ணலாம். 2027க்குள் இவ்வியாதியை நாட்டிலிருந்து நீக்குவதென்பது இந்தியாவின் குறிக்கோள்.

இம்முறை பலிக்க, ஊரின் மொத்த ஜனத்தொகையில் 100க்கு 65 பேராவது ஒவ்வொரு வருஷமும் மாத்திரையை உண்மையில் விழுங்கவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்கிட்டுள்ளனர். வாங்கி மாடத்தில் வைத்தால் கணக்கிற் சேராது. விழுங்காதவரின் இரத்தத்திலிருந்து கொசு புழுவை எடுத்து, விழுங்கியவரின் குழந்தைக்குக் கொடுத்துவிடும். கூட்டுறவின் தத்துவம் அறிந்த நமக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. தவணை தவறுவோர் மிகுந்த சங்கத்தில், ஒழுங்காகச் செலுத்துவோரின் நன்மையும் கெடுகிறதல்லவா? மாத்திரை உண்டபின் சிலருக்குத் தலைவலியும் காய்ச்சலும் வரக்கூடும். பெரும்பாலும் அது தேகத்திலுள்ள புழுக்குஞ்சுகள் மடிவதால் உண்டாவது; ஓரிரு நாளில் நீங்கும்.

மற்ற இடங்களின் அனுபவம்

மருந்து மாத்திரம் போதுமா என்னும் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே விடை கிடைத்திருக்கிறது. திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மதுரையிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு சோதனை நடத்தினர். சில கிராமங்களில் மருந்து மாத்திரம் கொடுத்தனர். வேறு சில கிராமங்களில் மருந்தோடு, கழிவுத்தொட்டிகளின் நீர்ப்பரப்பில் பாலிஸ்டைரீன் என்னும் இலேசான வெண்மணிகளைப் பரப்பிக் கொசுவையும் தடுத்தனர். மணிகள் நீரின்மேல் போர்வைபோல் மிதப்பதால் கொசு முட்டையிட முடியாது. புழுக்கள் மூச்சுவிட முடியாது. மருந்து நிறுத்தப்பட்டபின், கொசுவையும் தடுத்த கிராமங்களில் கிடைத்த பலன் நிலைத்தது. மருந்தையே நம்பியிருந்த கிராமங்களில் அது நழுவத் தொடங்கியது. மருந்து நிறுத்தப்பட்ட ஜில்லாவில் வாழும் நாம் இதனை மனத்திற் பதிக்கவேண்டும்.

கேரளத்தில் சேர்த்தலைப் பிரதேசத்தில் பரவியது வேறொரு வகைப் பைலேரியா. அதனைப் பரப்பும் கொசு குளங்களில் மிதக்கும் ஆகாசத்தாமரை போன்ற செடிகளின் வேரைப் பற்றி வளர்வது. தென்னைக்கு உரமாகுமென்று அச்செடியை ஜனங்கள் வைத்திருந்தனர். 1986 முதல் புதுச்சேரி ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே, செடியை அகற்றிய குளங்களில் உணவுமீன் வளர்க்கும்படி ஜனங்களைத் தூண்டினர். சுகாதாரத்திற்காக மாத்திரம் என்றால் குளத்தில் இறங்கத் தயங்கியவர்கள், மீனால் வருமானம் உண்டென்றதும் முன்வந்தனர். ஜனங்களின் லாபத்தோடு இணைந்த சுகாதாரமே நிலைக்கும் என்பது இதன் படிப்பினை.

இலங்கையில் 1947ஆம் வருஷமே யானைக்கால் எதிர்ப்பு இயக்கம் தனி இலாகாவாக அமைந்தது. 2002 முதல் 2006 வரை வருஷந்தோறும் மருந்து கொடுக்கப்பட்டது. 2016இல் இவ்வியாதி பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததென உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது. ஆயினும் காலி முதலிய கரையோர ஊர்களில் பின்னரும் தொற்றின் அடையாளங்கள் ஆராய்ச்சியிற் காணப்பட்டன. வென்றபின்னும் காவல் வேண்டும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

சங்கத்தார் செய்யத்தக்கவை

1. ஊரிலுள்ள தேங்குநீர் இடங்கள், செப்டிக் டேங்குகள், மாட்டுக்கொட்டில்கள் இவற்றுக்கு ஒரு ஜாபிதா தயாரித்து, தெருவுக்கு ஓர் அங்கத்தினரைப் பொறுப்பாளராக்கி, வாரம் ஒரு நாள் பார்வையிடச் செய்க. குறைகளைப் பஞ்சாயத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க.

2. செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய்க்கு நைலான் வலை கட்டுவதும், மூடியின் விரிசலைச் சிமெண்டால் அடைப்பதும் அற்பச் செலவு. வலையைச் சங்கம் மொத்தமாக வாங்கி அடக்கவிலைக்குக் கொடுக்கலாம்.

3. மேட்டுநிலத்து வீடுகளில் உறிஞ்சுகுழி அமைக்கலாம். குடிநீர்க் கிணற்றுக்கு 50 அடியாவது தள்ளி இருக்கவேண்டும். ஏரியின் ஆயக்கட்டில், ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வரும் இடங்களில் குழி நீரை உறிஞ்சாது. அங்கே கல்வாழையோ வாழையோ வைத்த பாத்திக்கு நீரைத் திருப்புவதும், பஞ்சாயத்து வடிகாலுக்கு வாட்டம் சரிப்படுத்துவதுமே வழி.

4. வாடகை அறைகள் கட்டக் கடன் கேட்கும் அங்கத்தினரிடம், கழிவுநீர் செல்லும் வழியைத் திட்டப்படத்திற் காட்டும்படி நிர்வாக சபையார் கேட்பாராக. ஜன்னலுக்குக் கொசுவலையும் அதிற் சேரட்டும். அறைக்கு வாடகை வாங்குபவர் அவ்வறையின் சாக்கடைக்கும் உரியவரே.

5. பால் உற்பத்தியாளர் சங்கத்தார் கொட்டிலின் கழிவுநீரைத் தேங்கவிடாமல் எருக்குழிக்கோ தீவனப்புல் பாத்திக்கோ திருப்புவாராக. கறவைக்கும் அது நலம்.

6. சுகாதார இலாகாவினர் இரவு எட்டரை மணிக்குமேல் இரத்தப் பரிசோதனைக்கு வருவர். விரல் நுனியில் ஒரு துளி இரத்தமே வேண்டுவது. ஷிப்டு நேரம் அறிந்து, விடுதிக்காரரிடமும் மேஸ்திரிகளிடமும் முன்னரே சொல்லிவைத்து, இந்தி, வங்காளம், ஒடியா பாஷைகளில் அறிவிப்பு ஒட்டுவதற்குச் சங்கம் உதவலாம்.

7. யானைக்காலுள்ள அங்கத்தினரை அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்க. உட்கார்ந்து செய்யும் வேலை அவருக்குக் கிடைக்க முயல்க. சங்கக் கூட்டத்தில் அவருக்கு எல்லோருக்கும் நடுவில் இடங்கொடுக்க.

8. ஏரிக்குள் கழிவுலாரி இறங்குவதைக் கண்டால் சும்மா இருக்கலாகாது. வண்டி எண்ணைக் குறித்துப் பஞ்சாயத்திலும் தாலுகா ஆபீசிலும் தெரிவிப்பது அங்கத்தினரின் கடமை.

இவற்றுள் எதற்கும் பெரிய மூலதனம் வேண்டியதில்லை. வாரத்தில் அரைமணி நேரமும், அண்டைவீட்டானோடு சேர்ந்து செய்யும் மனமும் போதும். இப்பிரதேசத்தில் மருந்தால் புழுவின் பலம் குறைந்திருக்கும் இக்காலமே வடிகாலைச் சீர்ப்படுத்த ஏற்ற காலம். புழு குறைந்து சாக்கடை பெருகிய ஊர், பகைவன் விலகியபின் கோட்டைக் கதவைத் திறந்துவைத்த ஊருக்குச் சமானம். இன்று தொட்டிலில் உறங்கும் குழந்தைக்கு இரவில் எத்தனை கொசு கடிக்கிறது என்பதைப் பொறுத்தே, 20 வருஷத்திற்குப் பின் அக்குழந்தை எத்தகைய காலோடு வேலைக்குப் போகும் என்பது தீர்மானமாகும். ஆகவே அடுத்த மாதாந்தரக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் "கழிவுநீர்" என்பதை ஒரு விஷயமாகச் சேர்க்கும்படி எல்லாச் சங்கங்களின் நிர்வாக சபையாரையும் கேட்டுக்கொள்கிறோம்.